அக்கா கழுவிய பதக்கம்

செப். 29, திங்கள்

காற்றும் மழையும். குடை முறிந்தது. அக்கா தன் ஊர் கிரின்ஸ்டெட்டிலிருந்து கார் ஓட்டி வந்துவிட்டாள். நவராத்திரி முடிந்து ஞாயிறுவரை இங்கேதான். கூடவே குத்துவிளக்கு, தேங்காய், ஒரு பை புளி. நான் இருக்கும் ரண்டர்ஸில் புளியே விற்பதில்லை என்று அவளுக்கு நினைப்பு.

செய்ய வேண்டியவை: பால். பழைய பேப்பர் கட்டு. ஹென்ரிக்குக்குப் போன்.

ஹென்ரிக் சனிக்கிழமை வருகிறான். பதக்கம் சேர்ப்பவன், அதாவது கண்டதையெல்லாம் வாங்கிக் குவிப்பவன். நான் சேர்க்கும் அமெரிக்கப் பதக்கங்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததை ஒரு தபால் முத்திரையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் நான் வருசக்கணக்காகத் தேடும் வெள்ளிப் பதக்கம், தீயணைப்பு வீரன் ஒருவனுக்குக் கொடுத்தது, அந்த மடையனிடம்தான் இருக்கிறது. மாற்றாக என் வெண்கலத்தைக் கேட்கிறான். நூறு வருசத்துக்கு முந்தைய அமெரிக்க விமானப் போட்டியின் நினைவுப் பதக்கம். சிறகு வைத்த பெண். காலத்தால் படிந்த கபில நிறம் கலையாமல் அப்படியே. அந்த நிறத்துக்குத்தான் மதிப்பு.

செப். 30

அக்கா: "உந்தக் கறுத்துக் கறள் பிடிச்ச சாமான்களை வச்சு என்ன செய்யிறாய்? பதக்கமெண்டால் கழுத்தில போடவேணும்."

அவர்களுடைய தமிழ்ச் சங்க விளையாட்டுப் போட்டியில் ஓடாத பிள்ளைக்கும் பிளாஸ்டிக் தங்கம். வேறென்ன சொல்லுவாள்.

எங்கள் சேகரிப்பாளர் கழகமும் திறமில்லை. போன மாதம் போலிகளைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேசினேன். பாதிப்பேர் நித்திரை. மீதிப்பேர் கேக்.

அக். 1

வேலையால் வந்தால், பூசைத் தட்டில் என் பதக்கம். புதுப் பித்தளைச் செம்பு மாதிரி மினுங்குகிறது. சிறகுப் பெண்ணின் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

"லட்சுமியை இப்பிடியே கறுக்க விடுறது? புளி போட்டுத் தேய்ச்சனான்."

கத்தினேன். இத்தனை வருசம் டென்மார்க்கில் இருந்தும் பட்டிக்காடு என்றேன். அழுதாள். நன்றாக அழட்டும்.

பிறகு பூதக்கண்ணாடி. விளிம்பைச் சுற்றி ஒரு பொருத்துக் கோடு. மேற்பரப்பில் ஊசித்துளைகள். அச்சில் அடித்த அசல் பதக்கத்தில் இவை வராது. இது உருக்கி ஊற்றிய வார்ப்பு. கபில நிறம் யாரோ பூசியது.

போலி. என் கண்ணில் படவில்லை. என் கண்ணில்!

அக்காவிடம் சொல்லவில்லை.

அக். 2

சாப்பிடவில்லை. அக்கா கதவுக்கு வெளியே நின்று: "தம்பி, திருப்பிக் கறுப்பாக்கித் தருவினமோ? எங்கையாவது கேட்டுப் பாப்பமே?"

ஹென்ரிக் அந்தக் கோட்டைக் கண்டால் கழகம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். கேக் தின்னிகள் எல்லோரும் சிரிப்பார்கள்.

அக்கா குளிக்கப் போன நேரம், சட்டி தேய்க்கும் இரும்பு நாரால் தேய்த்தேன். கோடு போனது. துளைகள் போயின. பெண்ணின் முகமும் போனது.

அக். 4, சனி

வெயில். ஹென்ரிக் சப்பாத்தோடேயே உள்ளே வந்தான். பதக்கத்தைப் பார்த்தான்.

"எந்த முட்டாள் இதை இரும்பு நாரால் தேய்த்தது?"

நான் யன்னலைப் பார்த்தேன். அக்கா கோப்பியை வைத்துவிட்டுப் பதக்கத்தைக் கையில் எடுத்தாள். முகமிருந்த இடத்தை விரலால் தடவினாள். என்னைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள், டெனிஷில்.

அவன் தன் வெள்ளியோடு போய்விட்டான். அக்கா உடுப்பு மடிக்கிறாள், நாளைக்குப் போக இருந்தவள் இன்றைக்கே போக.

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அவன் உன்னைப் பாத்துச் சிரிப்பானெல்லோ."