ஏறுபட்டைகள்

அண்ணா,

புயல் நேற்று ஓய்ந்தது. இன்று காலை கணவாய்ச் சரிவில் பனியைத் தூணாக வெட்டி, மேலே மண்வாரியை வைத்துத் தட்டினேன். மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து என்று தட்டிப் பனியின் உறுதியைச் சோதிப்பது முறை. மணிக்கட்டின் மூன்றாவது தட்டிலேயே மேல்பாதி வழுக்கி என் மடியில் விழுந்தது. பனிச்சரிவு அபாயம் ஐந்தில் நான்கு என்று அறிக்கை அனுப்பிவிட்டேன்.

போன ஆண்டு இதே சரிவுக்கு இரண்டு என்று எழுதினேன். நீயும் ரியெத்தும் அதை நம்பிப் போனீர்கள். நீ மட்டும் திரும்பி வந்தாய். அதன் பிறகு என் எண்களை நீ படிப்பதில்லை.

நான் மலைக்குடிலுக்கு வந்தபோது நீ பின்புறம் விறகு பிளந்துகொண்டிருந்தாய்.

"நாளைக்கு உங்கண்ணன் ஆறு பேரைக் கூட்டிக்கிட்டு கணவாயத் தாண்டப்போறானாம். நீயே போய்ச் சொல்லேம்மா," என்றார் குடில்காரர் ஃபுளூரின்.

"நான் சொன்னா இன்னைக்கே கெளம்பிடுவான்."

அவர் சிரித்துவிட்டு இதை எழுதக் காகிதம் கொடுத்தார்.

உன் ஸ்கீ சறுக்குப் பலகைகளின் அடியில் ஒட்டும் ஏறுபட்டைகள் அடுப்புக்கு மேலே உலர்ந்துகொண்டிருந்தன. அவை இப்போது என் பையில் இருக்கின்றன. அவை இல்லாமல் உன்னால் மேலே ஏற முடியாது. காட்டுவழியாகக் கீழே இறங்கலாம், அது பத்திரம்.

என் கதவு பூட்டியிருக்காது. திட்டுவதற்காவது வா.

உன் தங்கை