கடற்பசுவின் உதடு

சிங்கப்பூர்
9-9-1958

அன்புள்ள மங்கைக்கு,

மாமா எழுதுவது. கப்பலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் நலமும் வயிற்றிலிருக்கும் நம் பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

திருப்பதி காலேஜில் விலங்கியல் படித்தவளுக்குப் புடவையா அனுப்புவது? துறைமுகக் கடைகளில் வாங்கிய படங்கள் இத்துடன். வாத்து அலகோடு ஒன்று, முட்டையிட்டுப் பால் கொடுக்குமாம். பொய்யா, நீயே சொல். மூக்கு வாய்க்குமேல் தொங்கும் குரங்கைப் பார்த்தால் நம் கர்ணம் கிருஷ்ணப்பா ஞாபகம் வருகிறது. அவரிடம் சொல்லிவிடாதே. கடலடியில் புல் மேயும் கடற்பசுவுக்கு மேலுதடு பிளந்திருக்கும்.

தினம் ஒன்றைப் பார்த்துச் சிரி.

உன்
வேதாச்சலம்


நாகலாபுரம்
3-2-1959

அன்புள்ள மாமாவுக்கு,

மங்கை எழுதுவது. பொங்கல் வாரமே எழுதியிருக்க வேண்டும்; கை வரவில்லை. நமக்குப் பெண் பிறந்திருக்கிறாள். கண் உங்களுடையது. மேலுதடு மட்டும் மூக்குவரை பிளந்திருக்கிறது. சப்பிக் குடிக்க முடியவில்லை. பாலாடையில் புகட்டுகிறேன், பாதி மூக்கில் வந்துவிடுகிறது. புரையேறும்போதெல்லாம் இதோடு போய்விடுவாளோ என்று எனக்கு உயிர் போகிறது.

அத்தை கடற்பசுப் படத்தைத் தெருவெல்லாம் காட்டினார்கள். "காலேஜு படிச்சவளாம். புள்ளைய வயித்துல வச்சிக்கினு இந்த ஜந்துங்களயே பாத்துக்கினு இருந்தா, வேற எப்டி பொறக்கும்?" படங்கள் அடுப்புக்குப் போயின. குழந்தையைப் புத்தூருக்குத் தூக்கிப்போகலாம் என்கிறார்கள். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர்கள் உதட்டுக்கு என்ன செய்வார்கள்?

படங்கள் வந்தபோது எனக்கு ஆறாம் மாதம். உதடு அதற்கு வெகு முன்பே உருவாகிவிடும். நான் சொன்னால் கேட்பாரில்லை. என் மேல் தப்பில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். ஒரு தடவை வந்து அவளைப் பாருங்கள். பேர் வைக்காமல் காத்திருக்கிறேன்.

உங்கள்
மங்கை


மொம்பாசா
20-4-1959

மங்கைக்கு,

அம்மா சொன்னதில் தப்பில்லை. நான் விளையாட்டாய் அனுப்பினேன். பிள்ளைத்தாச்சி, நீயாவது பெட்டியில் போட்டு வைத்திருக்கலாம்.

மதராஸில் தைத்துவிடுவார்களாம். தைத்தபிறகு ஒரு போட்டோ அனுப்பு, பார்த்துவிட்டு லீவு எழுதிப்போடுகிறேன். அதற்குமுன் வேண்டாம். என்னால் முடியாது. பேரை நீயே வைத்துவிடு.

வேதாச்சலம்


திருத்தணி
5-6-1960

மாமாவுக்கு,

வருஷம் கழித்துப் பதில் எழுதுகிறேன். தாட்சாயணி என்று பேர் வைத்தேன். மதராஸில் உதட்டைத் தைத்தார்கள். தையலைப் பிடுங்காமலிருக்கக் கையிரண்டையும் கட்டிப் போட்டிருந்தார்கள். நான்தான் கட்டினேன் என்று நினைத்து என்னையே பார்த்து அழுதாள். இப்போது ஒரு கோடுதான் தெரிகிறது. அண்ணத்தை இன்னும் மூட வேண்டும். அதுவரை மூக்கால் வரும் எழுத்துகள்தான் அவளுக்கு எளிது. அம்மா என்கிறாள். நைனா என்பதும் வரும்; நான் சொல்லித் தரவில்லை.

ஏப்ரலில் திருத்தணி மதராஸோடு சேர்ந்தது, நாகலாபுரம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. "அவன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார்கள் அத்தை. "கேக்க மாட்டார் அத்தை" என்றேன். பஸ் ஏறும்வரை குழந்தையை அவர்கள்தான் வைத்திருந்தார்கள்.

போட்டோ கேட்டிருந்தீர்கள். எடுக்கவில்லை. அனுப்பினால் வந்துவிடுவீர்கள், அழகாயிருக்கிறாள் என்றும் சொல்வீர்கள். பாலாடையோடு நான் குனிந்து பார்த்திருந்த அந்த முகத்துக்குத் தகப்பன் வரவில்லை. இந்த முகத்துக்கு மட்டும் வர வேண்டாம்.

மங்கை