சிப்பி தும்மும் சுவர்

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். சிப்பி தும்மியது. ஏழு தடவை. ஈவா பிறந்த இந்த எட்டு மாதமாக எல்லாவற்றையும் எண்ணுகிற வியாதி எனக்கு. அவள் எத்தனை நிமிஷம் பால் குடித்தாள், எத்தனை நிமிஷம் தூங்கினாள். இப்போது பூனையின் தும்மல்.

பின்னறைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து தும்முகிறது. தும்மிவிட்டுச் சுவரையே பார்க்கிறது.

வெக்கை தாங்கவில்லை. இன்றிலிருந்து ஈவாவைத் தொட்டிலில் போடாமல் அந்தச் சுவரோரம் பாயில் படுக்க வைக்கிறேன். வீட்டிலேயே அங்கேதான் குளிர்ச்சி.

செப்டம்பர் 8

மறுபடியும். அதே இடம். ஐந்து.

செப்டம்பர் 10, புதன்

நேற்று மாலையிலிருந்து தும்மல் இல்லை. இருந்தாலும் கூடையில் வைத்து மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். சளி இல்லை, கண்ணில் பீளை இல்லை, காய்ச்சல் இல்லை. "திடீர்னு தும்முதுன்னா ஒண்ணு கிருமி, இல்லேன்னா மூக்குல எதோ ஏறுது. சாம்பிராணி போடுவீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். ஈவாவைக் குளிப்பாட்டியதும் தினமும் போடுவேனே. "நிறுத்திப் பாருங்க. எந்த நேரம், எந்த இடம்னு குறிச்சு வைங்க."

அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்!

செப்டம்பர் 14, ஞாயிறு

சாம்பிராணியை நிறுத்தி நாலு நாள். மத்தியானம் ஒன்பது தும்மல்.

சுவரில் காதை வைத்தேன். எழுதவே கை கூசுகிறது – அந்தப் பக்கம் ஏதோ மூச்சு விடுகிறது. இழுக்கிறது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல விடுகிறது.

மாடியில் இருக்கும் விஜிலா மதினியைக் கூப்பிட்டேன். என் கணவர் கிளைட்டனின் அக்கா, இந்த வீட்டிலேயே பிறந்தவர். காதை வைத்துக் கேட்டவர் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏளா ஆனி, அங்கனதான் எங்க வில்பிரட் சித்தப்பா படுத்திருந்த ரூமு. சங்கு குளிக்கப் போயி மூச்சடைச்சு செத்தாவ. பொறவுதான் அந்தப் பங்க வித்தாவ, வாங்குனவுக கோதும குடோன் கட்டுனாவ. பூனைக்கு எல்லாம் தெரியும்ளா."

போகும்போது மூக்கைச் சுளித்தார். "கருவாட்ட மூடாம வச்சிருக்கியா?"

கருவாடே வாங்கவில்லை. ஆனால் இந்தத் தெருவில் மீன் வாடையை யார் விசாரிப்பார்கள்?

செப்டம்பர் 15

ஈவா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பால் சேரவில்லையோ? சிப்பி வாசற்படியிலேயே படுத்திருக்கிறது. மீனைக் காட்டிக் கூப்பிட்டும் பின்னறைக்கு வரவில்லை.

செப்டம்பர் 17

கப்பலிலிருந்து கிளைட்டன் பேசினார். எல்லாம் சொன்னேன். சிரிக்கிறார். "பூன தும்முதுன்னு கப்பலத் திருப்பச் சொல்லுதியா?" நானும் சிரித்தேன். போனை வைத்ததும் அழுதேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மதினி ஏற்பாட்டில் பாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். சிப்பி தும்மவில்லை. குறித்து வைத்ததைப் பார்த்தால், வியாழக்கிழமை அது தும்முவதே இல்லையே!

செப்டம்பர் 21, ஞாயிறு – ஆஸ்பத்திரி

பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

மத்தியானம் ஈவா பாயில் தூங்கினாள். நான் கறி வதக்கிக்கொண்டிருந்தேன். வாசற்படியிலிருந்தே சிப்பி தும்மியது. எண்ணினேன் – பதினாலு. எழுந்து நடந்தது, கால் பின்னியது, விழுந்தது. தூக்கப் போனபோது அந்த மீன் வாடை.

அப்போதுதான் உறைத்தது. இன்னைக்கு ஞாயித்துக்கெழம. யாருமே கடலுக்குப் போகல. தெரு பூரா கறிதான் வேவுது. இங்க மட்டும் ஏது மீனு?

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி வகுப்பு ஞாபகம் வந்தது. உமாராணி மிஸ் கரும்பலகையில் எழுதினார்: பாஸ்பீன், நச்சு வாயு, அழுகிய மீன் வாடை. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "மிஸ், அப்ப எங்க தெரு பூரா பாஸ்பீன்தான்!" வகுப்பே சிரித்தது. நான்தான் ரொம்ப நேரம் சிரித்தேன். கோதுமை மூட்டையில் வண்டு விழாமல் இருக்க வைக்கிற மாத்திரையிலிருந்து வருவது அந்த வாயுதான். அதையும் அன்றைக்கே சொல்லித் தந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கோதுமை குடோன்! ஓடிப்போய்த் தூக்கினேன். ஈவா கை தொங்கிச்சு. மாதாவே, எம்புள்ள கண்ணத் தொறக்கல. நானே கொண்டுபோய்ப் போட்டேனே, குளிர்ச்சியா இருக்குன்னு நானே –

ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். அவள் மூச்சை எண்ணுகிறேன்.

செப்டம்பர் 22

காலை ஆறு இருபதுக்குக் கண் விழித்தாள். அழுதாள். அந்த அழுகையை மட்டும் எண்ணவில்லை.

செப்டம்பர் 24, புதன்

டிஸ்சார்ஜ் ஆன ஈவாவைத் தூக்கிக்கொண்டு குடோன் வாட்ச்மேன் செந்தூர்பாண்டி அண்ணாச்சியிடம் போனேன். "பூன தும்முனதுக்கா பஞ்சாயத்துக்கு வந்திய?" என்று ஆரம்பித்தார். ஈவாவின் கையில் ஊசி குத்திய கட்டைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. சனிக்கிழமை சாயந்திரம் மூட்டைகளுக்கு மாத்திரை வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்களாம். செவ்வாய்க்கிழமைதான் திறப்பார்களாம். இந்த மாதம் வாராவாரம் புது லோடு. நம் சுவரின் அடியில், சிப்பி உட்காரும் இடத்துக்கு நேராக, ஒரு எலி வளை. தார்ப்பாய் காற்றில் உப்பி இறங்கும் சத்தம்தான் அந்த மூச்சு என்றார்.

"தப்புதான் தாயி. மொதலாளிட்ட சொல்லி இன்னைக்கே நிப்பாட்டுதேன்." தார்ப்பாயை மடித்து லாரியில் ஏற்றியதை நின்று பார்த்தேன்.

செப்டம்பர் 30

வீடு மாறுகிறோம். சாமானெல்லாம் ஏற்றியாயிற்று. கடைசியாக ஒரு தடவை சுவரில் காதை வைத்தேன். ஏன் வைத்தேன்?

இழுத்தது. வெகுநேரம் விடவில்லை.

மதினியிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

புது வீடு. ஈவா தவழ்கிறாள். சிப்பிக்கு இன்னும் ஒரு கால் லேசாக இழுக்கிறது.

இங்கே வந்த நாளிலிருந்து ஒரே வழக்கம். ஈவாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பேன். சிப்பி ஒவ்வொரு சுவராக மோந்துகொண்டு போகும். ஓரிடத்தில் நின்று யோசிக்கும். பிறகு சுருண்டு படுக்கும்.

இன்று ஜன்னலுக்குக் கீழே படுத்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அதன் பக்கத்தில் பாயை விரித்தேன்.