பக்கத்து சீட்ல பிரேக் கிடையாது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறேன். நீ அங்க வேளாவேளைக்கு சாப்பிட்டு, ஒழுங்கா தூங்கி, வேலையும் உடம்புமா நல்லபடியா இருக்கணும், இருப்பேன்னு நம்பறேன். இங்க நாங்க எல்லாரும் சுகம்னு எழுதிட்டு மேல போகணும்னுதான் பேனாவை எடுத்தேன், அந்த ஒரு வரியை மட்டும் எழுத கை வரமாட்டேங்குது. அப்பாவுக்கு முட்டி வலி, எனக்கு வழக்கமான தலைவலி, அதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. விஷயம் உன் தம்பி. பதறாதே, நல்லா நடமாடிக்கிட்டுதான் இருக்கான், இப்ப பக்கத்து ரூம்லதான் இருக்கான். முதல்ல முழுசா படி, அப்புறமா பதறு. போன மாசமே போன்ல சொல்லலாம்னு பார்த்தா உன் பேரைப் பார்த்ததும் அவன்தான் பாய்ஞ்சு எடுத்தான், எடுத்து ஸ்பீக்கர்லயும் போட்டுட்டான், நான் என்னத்தைச் சொல்ல? அதுவும் இல்லாம போன்ல ஆரம்பிச்சா நான் அழுதுடுவேன், நீ அங்க அழுவ, ரெண்டு பேரும் அழுதுட்டு விஷயத்தைச் சொல்லாமலே வெச்சுடுவோம்.

நீ லீவுக்கு வந்ததும் ரெண்டு பேரும் நம்ம காரை எடுத்துக்கிட்டு கடலோர ரோட்டைப் பிடிச்சு, ரோடு முடியற இடம் வரைக்கும் போகப் போறதா பேசி வெச்சிருக்கீங்களே, அந்தப் பயணத்தைப் பத்திதான் எழுதறேன். அவன் ரூம் சுவர் முழுக்க மேப்தான். மலை ரோடு வர்ற வரைக்கும் நீ ஓட்டணுமாம், மலையில அவன் ஓட்டுவானாம், ஏன்னா நீ வளைவுல பிரேக்கை லேட்டா போடறவளாம். அது என்னவோ உண்மைதான், உனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்த நானே சொல்றேன். சின்ன வயசுல டிவி முன்னாடி அந்தப் பழைய சோபாவைக் கார் மாதிரி இழுத்துப் போட்டுக்கிட்டு, அவன் தட்டை ஸ்டீயரிங்கா பிடிச்சிருப்பான், நீ பக்கத்துல பேப்பரை விரிச்சு வழி சொல்லுவ, அப்படியே ரெண்டு பேரும் ரோட்டுப் படமா பார்த்துத் தள்ளினீங்களே. ஒவ்வொண்ணுக்கும் நம்ம வீட்டுப் பேர் வேற. லாரி நிறைய தர்பூசணியைத் திருடிக்கிட்டு ஓடற அண்ணன் தம்பி கதை தர்பூசணிப் படம். அக்காவும் தம்பியும் வேன் மேல ஒரு கட்டிலைக் கட்டிக்கிட்டு சண்டை போட்டுக்கிட்டே கடலுக்குப் போவாங்களே, அது கட்டில் படம், உங்க ரெண்டு பேருக்கும் உயிர். எனக்கு ஒரு படத்தையும் நிம்மதியா பார்க்க முடியாது. ஓட்டறவன் ரோட்டைப் பார்க்காம பக்கத்துல இருக்கறவ மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துப் பேசுவான், கண்ணாடியைத் திரும்பிக்கூட பார்க்க மாட்டான், சிக்னல் போடாம திரும்புவான். டிரைவிங் ஸ்கூல் நடத்தறவளுக்கு வயிறு எரியாதா? நான் சோபாவுல உக்காந்தபடியே கால் கீழ பிரேக் அமுக்குவேன், நீங்க ரெண்டு பேரும் என் காலைப் பார்த்துப் பார்த்து உருண்டு சிரிப்பீங்க. சிரிச்சீங்க இல்ல, அந்தச் சிரிப்புதான் இப்ப வினையா வந்து நிக்குது.

என்ன ஆச்சுன்னா, போன மாசம் ஒரு நாள் கிளாஸ் எல்லாம் முடிஞ்சு பெட்ரோல் போட ஸ்கூல் வண்டியை எடுத்துக்கிட்டு நானும் அவனும் கிளம்பினோம். அவன் ஓட்டறான், நான் வாத்தியார் சீட்ல. மார்க்கெட் முனையில சிவப்பு விழுந்து, ஜனங்க குறுக்கே நடக்க ஆரம்பிச்சாச்சு. இவன் வேகத்தைக் குறைக்கல. சரி, குறைப்பான், குறைப்பான்னு பார்க்கறேன், குறைக்கவே இல்ல. திரும்பிப் பார்த்தா கண்ணு திறந்துதான் இருக்கு, ரோட்டைத்தான் பார்க்குது, ஆனா உள்ள ஆள் இல்ல. விரல் மட்டும் ஸ்டீயரிங் உறையைப் பிச்சுக்கிட்டே இருக்கு. நான் பேர் சொல்லிக் கத்தினேன், காதுல விழல. என் காலடியில இருக்கற பிரேக்கை அமுக்கின அமுக்குல வண்டி முன்னாடி குனிஞ்சு நின்னுது. காய்கறி தள்ளுவண்டியைப் பிடிச்சிருந்த பொம்பளை எங்க வண்டி மூக்கு மேலயே கையை ஊனிட்டு நின்னா, என்னைப் பார்த்து என்ன திட்டு திட்டினாளோ, திட்டட்டும், உயிரோட நின்னு திட்டினா இல்ல. இவன் அடுத்த நிமிஷம் சாதாரணமா திரும்பி, என்னம்மா இப்படி வேர்த்திருக்குன்னு கேக்கறான்டி. நடந்ததைச் சொன்னேன். சிரிக்கறான். உனக்குத்தான் தெரியுமே, நம்ம வண்டியில நான் என் பிரேக்கை அமுக்கினா அவன் பக்கத்து பிரேக்கும் சேர்ந்து இறங்கும். தன் பிரேக் இறங்கி இருக்கறதைப் பார்த்துட்டு, நான்தான் போட்டேன், நீ சோபாவுலயே பிரேக் போடற ஆளு, உன் காலுக்கு வேற வேலை என்னன்னுட்டான். இத்தனை வருஷம் எல்லாரும் சேர்ந்து சிரிச்ச கால்தானே இது.

அன்னைக்கிலிருந்து எனக்கு உறக்கம் போச்சு. டாக்டர்கிட்ட வாடான்னு கெஞ்சினேன், திட்டினேன், பட்டினி கிடந்தும் பார்த்தேன். களைப்பும்மா, கொஞ்சம் அசந்துட்டேன்னு அதையே சொல்றான். உங்க அப்பா இருக்காரே, பேப்பருக்குப் பின்னாடியிருந்து, விடு, வயசுப் பையன், தூக்கம் பத்தலைங்கறார். வயசுப் பையனாம்! அதுக்கப்புறம் அவன் எடுக்கற கிளாஸுக்கெல்லாம் நானே பின் சீட்ல ஏறி உக்காந்துக்கறேன், வர்ற பொண்ணுங்க எல்லாம் எதுக்கு ரெண்டு வாத்தியார்னு முழிக்குது. ஸ்கூல் வண்டியிலயாவது என் காலுக்கு ஒரு பிரேக் இருக்கு. நீங்க எடுத்துக்கிட்டுப் போகப் போற நம்ம காருல பக்கத்து சீட்ல என்ன இருக்கு, சொல்லு? மலை ரோட்டுல அவனுக்கு அப்படி ஒண்ணு வந்தா நீ கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். ரெண்டையும் ஒரே வண்டியில அனுப்பிட்டு நான் இங்க எப்படிடி இருப்பேன்? அதனால ஒரு வேலை பண்ணினேன். மெக்கானிக் அண்ணன்கிட்ட காரை விட்டுட்டு, ஏதோ சாமான் வரணும் வரணும்னு இழுத்தடிங்கன்னேன். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வரல. இவன் போய்க் கேட்டதும், தம்பி, வண்டி ரெடிதான், உங்கம்மாதான் இப்படிச் சொல்லச் சொன்னாங்கன்னு போட்டு உடைச்சுட்டார். அதோட இவன் என்கூடப் பேச்சை நிறுத்திட்டான். தண்ணி வேணும்னாலும் அப்பாகிட்டதான் கேப்பான். அக்கா வர்றது உனக்குப் பிடிக்கலையான்னு ஒரே ஒரு தடவை கேட்டான் பாரு, அந்த வார்த்தைதான் சுருக்குனு தைச்சுது.

அப்புறம் ஞாயித்துக்கிழமை மதியம் என் மேல இருந்த கோவத்தோடயே கட்டில் படத்தைப் போட்டுட்டு உக்காந்தான். நான் துணி மடிச்சுக்கிட்டு ஓரமா இருந்தேன். அவனுக்குத்தான் அந்தப் படம் மனப்பாடமாச்சே, ஆள் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி இவன் வசனத்தைச் சொல்லிடுவானே. மலையில மழை பெய்யுது, கயிறு அறுந்து கட்டில் பறக்கப் போகுது, அக்காகாரி கயிறைக் கட்டினது நீதானேன்னு ஆரம்பிக்கறா, இவனும் கூடவே ஆரம்பிச்சான். பாதியில நின்னு போச்சு. நிமிர்ந்து பார்த்தா அதே கண்ணு, அதே வெறிச்ச பார்வை, விரல் சட்டை பட்டனைப் பிச்சுக்கிட்டிருக்கு. கட்டில் பறந்துச்சு, போலீஸ்காரர் ஜீப் முன்னாடி விழுந்துச்சு, அவர் அது மேலயே உக்காந்து விசாரிச்சார், அவன் உயிரா சிரிக்கற இடம் மொத்தமும் அவன் முன்னாடியே ஓடி முடிஞ்சுது. நான் அவனை உலுக்கல, கத்தல. பக்கத்துல போய், அவன் விழுந்துடாம தோளை மட்டும் பிடிச்சுக்கிட்டேன். முழிப்பு வந்ததும் திரையைப் பார்த்தான், அங்க அக்காவும் தம்பியும் நனைஞ்சு போய் டீக்கடையில நிக்கறாங்க. கட்டில் விழற சீன் எங்க, ஓட்டி விட்டுட்டியான்னு என்னைப் பார்த்துக் கோவமா கேட்டான். கேட்டுட்டு அவனே தன் கையைப் பார்த்தான். ரிமோட் அவன் கையிலதான் இருந்தது.

நான் ரிமோட்டை வாங்கி, அந்த இடத்துக்குப் பின்னாடி தள்ளிப் போட்டேன். பார்த்தான். கட்டில் பறந்தது, போலீஸ்காரர் வந்தார், எல்லாம் வந்தது, அவன் சிரிக்கவே இல்ல. என் பக்கம் திரும்பி, அன்னைக்கு மார்க்கெட் முனையில பிரேக் போட்டது நீயாம்மான்னு கேட்டான். ஆமாம்டான்னேன். அந்தத் தள்ளுவண்டிக்காரி எவ்வளவு கிட்ட இருந்தான்னான். நம்ம வண்டி மேலயே கை வெச்சுட்டாடான்னேன். என் மடியில மடிச்சு வெச்சிருந்த துணி மேலயே மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு அழுதான்டி. இவ்ளோ வளர்ந்த பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்ல. அப்புறம் அவனே எழுந்து போய், மறுநாள் காலையில கிளாஸுக்கு வர வேண்டிய தையல்கார அக்காவுக்குப் போன் போட்டு, நாளையிலேர்ந்து அம்மா கத்துக்குடுப்பாங்க, நான் வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்தான். அப்பா பேப்பரைக் கீழ வெச்சதும் அப்பதான்.

டாக்டர்கிட்ட போய் தலைக்கு என்னென்னவோ ஒயர் எல்லாம் ஒட்டிப் பார்த்தாச்சு. வலிப்புல இதுவும் ஒரு வகையாம். கை கால் இழுத்தாத்தான் வலிப்புன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம், இப்படி ஆளை மட்டும் கொஞ்ச நேரம் காணாமப் போக வைக்கறதும் உண்டாம். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, அவர் சொல்ற வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது. நிறைய பேருக்கு மாத்திரையிலயே அடங்கிடும்னார், அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். உன்கூட அந்தப் பயணம் போகலாமான்னு அவன் கேக்கவே இல்ல, நான்தான் கேட்டேன். கூட ஆள் இருந்து, அவன் ஓட்டாம இருந்தா தாராளமா போகலாமாம், தனியா தண்ணியில மட்டும் இறங்கக்கூடாதாம். வெளிய வந்ததும் இவன் என்ன சொன்னான் தெரியுமா? அக்காகிட்ட சொல்லாதே, சொன்னா ஒண்ணு அவ வரமாட்டா, இல்ல வந்து என் நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே வருவா, நோயாளியைக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தற படத்துல எல்லாம் என்னால நடிக்க முடியாதுன்னான். நான் சொல்லத்தான் போறேன், நீ கோவிச்சுக்கோன்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன். தெரியாம நீ அவன் கையில சாவியைக் குடுத்துட்டா? அந்தப் பாவத்தை நான் எங்க போய்த் தொலைப்பேன்?

வேலை போச்சேன்னு அவன் வாயைத் திறந்து சொல்லல. ஆபீஸ்ல உக்காந்து வர்றவங்களுக்கு ரோட்டு விதி சொல்லிக் குடுன்னேன், சரின்னான். நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறான், ஆனா வெளிய வண்டி கிளம்பற சத்தம் கேட்டா ஜன்னல் பக்கம் தலை திரும்புது. சரியாகிடும்தானே, நீ படிச்சவ, உனக்கு என்ன தோணுது?

இதை எழுதிக்கிட்டிருக்கறப்பவே அவன் வந்து கதவுகிட்ட நின்னான். அக்காவுக்கான்னான். ஆமாம், எல்லாத்தையும் எழுதிட்டேன்னேன். சண்டை போடுவான்னு நினைச்சேன், போடல. கதவு தாழ்ப்பாளைத் தடவிக்கிட்டே, வழி முழுக்க அவளே ஓட்ட வேண்டியிருக்கும், அவளுக்கு இஷ்டமான்னு கேளு, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லட்டும், பாவம் பார்த்து மட்டும் வர வேண்டாம்னு எழுதுன்னான். சொல்லிட்டுப் போய்ட்டான். சுவர்ல இருக்கற மேப்பை அவன் இன்னும் கழட்டல, நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

அதனால அம்மா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எனக்குப் பதில் எழுதாதே, அவனைக் கூப்பிடு. எடுத்ததும் உடம்பு எப்படி இருக்குன்னு ஆரம்பிச்சுடாதே, அழாதே, கண்ணான்னு கொஞ்சாதே, உன் வாயில இத்தனை நாள் வராத வார்த்தை வந்தா நீ பாவம் பார்க்கறது அவனுக்குத் தெரிஞ்சு போகும். எப்பவும் போல சண்டை போடு. மனசுக்குள்ள உனக்குப் போக இஷ்டம் இருந்தா மட்டும் வர்றேன்னு சொல்லு. இஷ்டம் இல்லேன்னா அதையும் நேரா சொல்லிடு, அவன் தாங்கிப்பான், பொய்யைத்தான் தாங்க மாட்டான். போறதா இருந்தா இப்பவே அங்க யார் வண்டியையாவது கேட்டு வாங்கி ஓட்டிப் பழகு, மேடு, இறக்கம், வளைவு எல்லாம், அந்த பிரேக் விஷயத்தைச் சரி பண்ணு, இங்க வந்ததும் நான் உனக்கு டெஸ்ட் வைக்காம சாவி தர மாட்டேன். அவனோட உயிரும் உன் உயிரும் எனக்கு ஒண்ணுதான், அதை ஒரே கையில நீ பிடிக்கணும்கறது எனக்குப் பயமாத்தான் இருக்கு, ஆனா வீட்டுக்குள்ள வெச்சு அவனைப் பூட்டறது அதைவிடப் பயமா இருக்கு.

ரெண்டு பேரும் நூறு வயசுக்கு சண்டை போட்டுக்கிட்டே நல்லா இருக்கணும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அவரும் எழுதணும்னு பேனாவை வாங்கினார், ஒண்ணும் எழுத வராம திருப்பிக் குடுத்துட்டார். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்னைக்கே கூப்பிடு கண்ணு. போன் மணி அடிச்சா அவன் இப்பல்லாம் ஓடி வர்றதில்ல, யார்னு எட்டிப் பார்த்துட்டு உக்காந்துக்கறான், அதனால எடுக்கற வரைக்கும் விடாம அடி.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேரோட
அம்மா