பந்தில் கேட்ட அழுகை

என் இவொனெட்டிக்கு,

நலமாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சோறும் பயறும் தருகிறார்கள். லாரி காவல் நிலைய வாசலில் நிற்கிறது. ரேடியோவைக் கழற்றிவிட்டார்கள்.

"அந்தப் பந்துல பேசாதீங்க" என்று நீ எத்தனை முறை சொன்னாய்! அமெரிக்க ராணுவம் என்றோ வானில் விட்ட பழைய செயற்கைக்கோளை லாரிக்காரர்கள் நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம். அதில் திருட்டுத்தனமாகப் பேசுவது குற்றம்தான். ஆனால் காட்டுச் சாலையில் போனில் சிக்னல் கிடைக்காது என்பது உனக்கும் தெரியும்.

செவ்வாய் மதியம் லாரி சேற்றில் புதைந்து நின்றபோது, ரேடியோவில் ஒரு பெண் அழுதாள். மரம் வெட்டும் முகாமில் அவள் புருஷனைப் பாம்பு கடித்துவிட்டது. மராபா நகரத்திலிருந்து ஒரு நர்ஸ் பதில் சொன்னாள். நர்ஸின் பேச்சு முகாமுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. நடுவில் இருந்து நான்தான் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன்.

கூட வந்த தெவானிர் பயந்துவிட்டான்.

"அணைச்சுடுடா! இவ்வளவு நேரம் பேசினா போலீஸ் இடத்தைக் கண்டுபிடிச்சுடுவான்."

"அந்த ஆளைத் தூக்கிட்டுப் போகப் படகு வரட்டும்டா."

நான்கு மணி நேரம் கழித்து முகாமுக்குப் படகு வந்தது. மறுநாள் காலை போலீஸ் வந்தது.

நேற்று விசாரித்த அதிகாரி, "அந்த ஆளு பொழச்சானா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவரே மருத்துவமனைக்குப் போன் போட்டார்.

"ஒரு காலை வெட்டி எடுத்துட்டாங்களாம். உசுரு இருக்கு" என்றார். பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். வாதாடத் தெம்பில்லை.

பாப்பாவின் ஞானஸ்நானத்தை எனக்காகத் தள்ளிப்போட வேண்டாம். என் இடத்தில் உன் அண்ணன் நிற்கட்டும்.

உன் வீட்டுக்காரன்