உன் சேலைக் கயிறு

இன்று காலை கொடியில் கிடந்த துவாலையை எடுத்து முகம் துடைத்தேன். குளோரின் வாடை. நீ போன பிறகு இந்த வீட்டில் அந்த வாடையே இல்லை. நேற்றுதான் நம் மகள் மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

வாய்க்காலில் பாலத்திலிருந்து படித்துறை வரை அவள் நீந்தியதைச் செல்போனில் நேரம் பார்த்துவிட்டு, உத்தமபாளையம் கடைவீதி முழுக்க நான் பெருமையடித்தது நினைவிருக்கிறதா? தேனி நீச்சல் குளத்துப் போட்டியில் பிள்ளை கடைசியாக வந்தாள். எனக்கு வந்த கோபத்துக்குப் பயிற்சியாளரிடமே சண்டைக்குப் போயிருப்பேன். நீதான் முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாய்.

"ஓடுனது தண்ணி மச்சான். நீங்க புள்ளைக்கா நேரம் பாத்தீக?"

உனக்கு நீச்சலே தெரியாது. ஆனாலும் உன் பழைய நூல் சேலையைக் கயிறாகத் திரித்தாய். ஒரு முனை அவள் இடுப்பில், மறு முனை உன் கையில். இழுவை குறைந்த கரையோரமாகத் தண்ணீர் வரும் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, உன்னை நோக்கி அவளை எதிர்த்து நீந்தச் சொன்னாய். காவலுக்கு நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன்.

"கயிறு தொய்ஞ்சா நீ நீந்துற. இறுகுச்சுன்னா தண்ணி உன்னைய இழுக்குது. அம்புட்டுத்தான்."

நான் அப்போதும் கை நீளம், முட்டை, பால் என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். பிறகொரு நாள் பயிற்சியாளர் விளக்கினார். தலையைத் தூக்கினால் கால் தாழும், தாழ்ந்த காலைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். கை வலுவுள்ள பிள்ளைகள் நிறைய உண்டு, தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் உடம்பை நேராக வைத்திருக்கும் பிள்ளைதான் முந்தும் என்றார். இவளுக்கு அதை யார் பழக்கியது என்று அவர் கேட்டதும் நீ வெட்கப்பட்டு என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாய். எனக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். மூச்சுக்குத் தலை திருப்பும்போதெல்லாம் அவள் உன்னைத்தான் தேடினாள்.

அதனால்தான் உன்னை அடக்கம் செய்த பிறகு அவள் வாய்க்கால் பக்கமே வரவில்லை. "அங்கன யாரு உக்காருவா?" என்றாள். உன்னோடு தண்ணீரையும் சேர்த்து இழந்துவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

நேற்றைய போட்டிக்கு அவளாகவே கிளம்பினாள். குளத்தருகே பையிலிருந்து உன் கயிற்றை எடுத்து என் கையில் வைத்து, "அத்தா, அந்தக் கடைசில போயி உக்காருங்க" என்றாள். மடியில் கயிற்றோடு உட்கார்ந்திருந்த என்னை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இரண்டாவதாக வந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட என்னிடம் வந்து, "கயிறு இறுகவே இல்ல அத்தா" என்றாள்.

துவாலையைப் போர்த்திவிடும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன் முனை இப்போது என் கையில் இருக்கிறது. அவளை இழுத்துவிடாமல் பிடித்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.