பித்தளை முகப்பும் லாரி ரேடியேட்டரும்

6-3-1954, சனி

காலையில் பனி, எட்டு மணிக்கெல்லாம் வெயில். நான், கோ. முனிரத்தினம், வயது ஐம்பது, ஒசூரில் சாலை ஓவர்சியர். இக்குறிப்பின் நோக்கம் ஒன்றே: எங்கள் பழைய காருக்கு மாற்று ரேடியேட்டர் தேர்வதில் நான் செய்யும் ஒவ்வொரு முடிவையும் காரணத்தோடு பதிவது. இனி ரே. எனச் சுருக்கம்.

இரண்டாண்டுப் பழுதுபார்ப்பில் மிச்சம் இது மட்டும். எஞ்சின் சரி. பிரேக் சரி. மேற்கூரைத் துணி புதிது. ரே.யில் ஒழுக்கும் உண்டு, அடைப்பும் உண்டு.

அவசரத்துக்குக் காரணம் நேற்று வந்த கார்டு. கிருஷ்ணகிரியிலிருந்து அண்ணன். கையெழுத்து அவருடையதன்று, சொல்லி எழுதுவித்தது. இடக்கண் பார்வை போய்விட்டதாம். வலக்கண்ணுக்கு மதராஸில் ஆபரேஷன். பார்வை மிஞ்சினாலும் மிஞ்சலாம். 15-ஆம் தேதி புறப்படுகிறார். "அதற்குள் ஒரு தடவை நம்ம வண்டியில் சூளகிரி மேடு ஏறிப் பார்க்க வேண்டும் தம்பி. முடியுமா?"

பதினாறு ஆண்டுகளாக அவர் அந்த வண்டியைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

பால்காரனுக்குப் புதன் முதல் அரைப்படி அதிகம்.

7-3, ஞாயிறு

தேர்வு விதிகள்:
1. அதே மாடல் ரே.; வேறு கூடாது.
2. பித்தளை முகப்பு கழற்றப்படக் கூடாது. அது வண்டியின் முகம்.
3. லாரிச் சாமான் எதுவும் வண்டியில் ஏறக் கூடாது.

என் மனைவி சாரதா பின்னாலிருந்து எட்டிப் படித்தாள். "பொண்ணு பாக்கப் போனப்பகூட இத்தனை கண்டிஷன் போடலையே நீங்க."

8-3, திங்கள்

அரைநாள் லீவு. பஸ்ஸில் பெங்களூர். பழைய உதிரிச் சாமான் கடைகள் நான்கு. மூன்றில் இல்லை. நான்காவதில் கன்னடக்காரப் பெரியவர் என் அளவுச் சீட்டை மேலும் கீழும் பார்த்தார். "சிகல்ல ஸ்வாமி, கிடைக்காது. பம்பாயிலிருந்து வரணும். மூணு மாசம்." பிறகு சிரித்தார். "இந்த வண்டி இன்னும் உயிரோட இருக்கா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

தளியில் ஒரு தோட்டக்காரரிடம் அதே மாடல் கிடப்பதாக அவரே சொன்னார்.

9-3, செவ்வாய்

தளி. குளிர் காற்று. வண்டி இருந்தது, உள்ளே கோழிகள் இருந்தன. ரே. இருந்த இடத்தில் ஓட்டை. தோட்டக்காரர்: "அதை உருக்கி அண்டா பண்ணிட்டோமுங்க. நல்ல பித்தளை." விதி 1 நிறைவேற வழியில்லை.

திரும்பும் பஸ்ஸில் கோஸ் மூட்டைகளுக்கு நடுவே, வேண்டாமென்றாலும் 1931 நினைவுக்கு வந்தது. என் கல்யாணத்துக்கு அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில், சந்தனப் பொட்டோடு. இரு புறமும் புளிய மரங்கள். சூளகிரி மேட்டில் ரே. ஒழுகி ஆவி பீறிட்டது. முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம். அண்ணன் சாலையோரக் குடிசைக்கு ஓடி, ராகி மாவு இரண்டு கை வாங்கி வந்து, ரே.யின் வாயில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். ஒழுக்கு நின்றது. மாவு படிந்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிரித்த சிரிப்பு! முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பாகவே கிருஷ்ணகிரி சேர்ந்தோம்.

1938-இல் அதே மேட்டில் எஞ்சின் கொதித்து வெடித்தது. அப்போது பத்துப் பேர் நடுவில் அவரைப் பார்த்து நான் சொன்னது: "உன் ராகி மாவுதான் உள்ளே களியாக் கட்டி வண்டியைக் கொன்னுது. படிக்காதவன் கையில வண்டியைக் குடுத்தது என் தப்பு."

என்னைப் படிக்க வைத்தவரே அவர்தான். அன்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

எழுதிவிட்டேன்.

11-3, வியாழன்

கடும் வெயில். ஈய வேலை மஸ்தான் பாய் பட்டறை. பழைய ரே.யையே குழாய் மாற்றித் தர முடியுமா என்று கேட்கப் போனேன். மேல்தொட்டியைப் பிரித்தார். உள்ளே குழாய் வாய் எல்லாம் அடைப்பு.

"ராகி மாவு," என்றேன்.

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

பாய் ஒரு துண்டைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை. கல் போல. டீக்கடையிலிருந்து எலுமிச்சை வாங்கி வந்து பிழிந்தார். நுரைத்துப் பொங்கியது.

"மாவு பொங்குமாங்க ஓவர்சியர் ஐயா? இது சுண்ணாம்பு. உப்புத் தண்ணி கட்டுனது. மாவு அந்த வருசமே கரைஞ்சு போயிருக்கும். எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துனீங்க?"

"ஞாயிறுதோறும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது."

"அதான். வாரா வாரம் புதுச் சுண்ணாம்பு ஊத்தியிருக்கீங்க. சும்மா விட்டிருந்தா இத்தனை கட்டியிருக்காது."

குழாய் மாற்ற மூன்று வாரம் என்றார். காதில் சரியாக விழவில்லை.

வீட்டில் பழைய வண்டிப் பதிவேட்டை எடுத்தேன். ஏழு ஆண்டுகள். ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஒவ்வொன்றிலும் என் கையொப்பம். "தண்ணீர் மாற்றப்பட்டது. நம் கிணறு."

சாரதாவிடம் சொன்னேன். வெந்நீர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "இந்த அண்டாவுல மாசம் ஒரு தடவை கல்லுச் சுரண்டுறேன். நம்ம தண்ணிதானே? அன்னிக்கே சொன்னேன். 'புஸ்தகத்துல போட்டிருக்கு'ன்னீங்க." அண்டாவைக் கவிழ்த்துவிட்டு: "அந்த மாவு இல்லேன்னா எங்கப்பா முகூர்த்தம் தப்பிப்போச்சுன்னு வேற மாப்பிள்ளைக்குச் சொல்லியனுப்பியிருப்பாரு. உங்கண்ணன் ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டியிருப்பாரா?"

இல்லை.

12-3, வெள்ளி

ஆபீசில் சல்லிக் குவியல் அளவெடுப்பு. இரண்டு முறை தப்பாக எழுதி அடித்தேன். எனக்கு வழக்கமில்லை.

மாலை மீண்டும் பாய் பட்டறை. கைவசம் இருப்பது லாரி ரே. ஒன்று. நன்றாக ஓடியது, ஒழுக்கில்லை. உயரம் மூன்று அங்குலம் அதிகம். பொருத்தினால் பித்தளை முகப்பு கழற்றப்பட வேண்டும். பானெட் மூடாது; கயிற்றால் கட்ட வேண்டும்.

பாய்: "பாக்க நல்லா இருக்காதுங்க. ஆனா மேடு ஏறும்."

பம்பாய் ரே. சரியானது, மூன்று மாதம். பழையது உண்மையானது, மூன்று வாரம். அண்ணன் கண்ணுக்கு மூன்று நாள்.

13-3, சனி

மேகமூட்டம். காலை ஏழு மணி. பாய் லாரி ரே.யோடு வாசலில் நிற்கிறார். சாரதா அவருக்குக் காப்பி கொடுக்கிறாள். "முகப்பைக் கழட்டுனா மூக்கறுந்தவன் மாதிரி இருக்குமே பாய்?" "இருக்கட்டும்மா, மூச்சு வந்தாப் போதும்."

முடிவு: விதி 1, 2, 3 ரத்து. காரணம் மேலே.

இப்போது எழுந்து முகப்பை என் கையாலேயே கழற்றுவேன். நாளை விடியலில் கிருஷ்ணகிரிக்கு ஓட்டிச் சென்று அண்ணனை முன் இருக்கையில் அமர்த்துவேன். சூளகிரி மேட்டில் வண்டியை நிறுத்தி, வண்டியைக் கொன்றது அவர் மாவன்று, என் கிணற்றுத் தண்ணீர் என்று, அவர் என் முகத்தைப் பார்க்க முடிகிறபோதே சொல்வேன்.